திருட்டைக் கூட்டிய பலகை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஒரு விசித்திரக் காடு இருக்கிறது. அங்கே மரங்கள் நிற்பதில்லை, தரையில் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. ஒன்றைத் தூக்கிப் பார்த்தால் கை கனக்கும். அது கல். 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஆற்று வெள்ளம் அடித்துவந்த மரங்கள் சேற்றில் புதைந்தன. எரிமலைச் சாம்பலிலிருந்து கரைந்த சிலிக்கா, நிலத்தடி நீரோடு மரத்துக்குள் ஊறியது. மரம் இருந்த இடத்தையெல்லாம் மெதுவாகப் படிகம் பிடித்துக்கொண்டது. இரும்பு கலந்த பகுதி சிவப்பு, மஞ்சள். மாங்கனீசு கலந்த பகுதி ஊதா, கறுப்பு. (கல்மரம் பார்க்க அரிசோனா வரை போக வேண்டியதில்லை. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலும் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரிலும் இருக்கின்றன.)

இவ்வளவு அழகான கல் காலடியில் கிடந்தால் என்ன ஆகும்? வருகிறவர்கள் ஆளுக்கொரு துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்கள். காட்டைப் பராமரிக்கும் பூங்காக்காரர்கள் கவலைப்பட்டு ஒரு பலகை வைத்தார்கள். ஒவ்வொரு நாளும் இங்கே திருட்டு நடக்கிறது, சின்னச் சின்னத் துண்டுகளாகவே ஆண்டுக்கு 14 டன் போய்விடுகிறது என்று அது சொன்னது.

நல்ல எண்ணத்தில் வைத்த பலகைதான். ஆனால் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் சியால்டினிக்கு ஒரு சந்தேகம். அவருடைய பழைய மாணவர் ஒருவர், தான் மணக்கவிருந்த பெண்ணுடன் அந்தக் காட்டுக்குப் போயிருந்தார். அந்தப் பெண், இரவல் வாங்கிய காகிதக் கவ்வியைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிடும் ரகம். பலகையைப் படித்த அவர் சொன்னது, அப்படியென்றால் தீர்ந்துபோவதற்குள் நாமும் ஒன்று எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான்!

சியால்டினி குழுவினர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நடைபாதை ஓரங்களில் அடையாளமிட்ட கல்துண்டுகளைப் போட்டுவைத்தார்கள். சில நேரம் ஒரு பலகை: 'முன்பு வந்தவர்கள் பலர் கல்லை எடுத்துப் போனதால் காடு மாறிவிட்டது' என்ற பொருளில். சில நேரம் வேறு பலகை: 'தயவுசெய்து கல்லை எடுக்காதீர்கள்' என்று மட்டும். பிறகு எத்தனை துண்டு காணோம் என்று எண்ணினார்கள். பலகையே இல்லாதபோது 100 துண்டுகளில் சுமார் 3 காணாமல் போயின. எடுக்காதீர்கள் என்று சும்மா சொன்னபோது 2க்கும் குறைவு. பலர் எடுத்துப் போனார்கள் என்று வருத்தப்பட்டுச் சொன்னபோது? ஏறக்குறைய 8.

திருட்டைத் தடுக்க வைத்த பலகை திருட்டைக் கூட்டியிருக்கிறது.

இப்படி மனிதர்களைக் கவனித்து, எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் துறைக்கு நடத்தை அறிவியல் என்று பெயர். வேதியியலுக்குக் குடுவை மாதிரி இதற்குத் தெருவும் பூங்காவும் வாக்குச்சாவடியும்தான் ஆய்வுக்கூடம். ஊர் சுத்தமாக இருப்பது, தண்ணீர் வீணாகாமல் இருப்பது, எல்லாரும் ஓட்டுப் போடுவது, தெருவிளக்கு எரியாவிட்டால் யாராவது புகார் கொடுப்பது எல்லாமே மனிதர்கள் செய்தால்தான் நடக்கும். அவர்களைச் செய்யவைப்பது எது? அறிவுரையா, அபராதமா, வேறு ஏதாவதா?

கல்மரக் காட்டுப் பலகையில் இரண்டு செய்திகள் ஒளிந்திருந்தன. 'இது தப்பு' என்பது ஒன்று. 'நிறையப் பேர் இதைச் செய்கிறார்கள்' என்பது இன்னொன்று. எழுதியவர் முதல் செய்தியைச் சொல்லத்தான் நினைத்தார். படித்தவர் காதில் விழுந்தது இரண்டாவது. நம் ஊர்ச் சுவர்களில் 'இங்கே எல்லாரும் குப்பை போடுகிறார்கள், வெட்கக்கேடு!' என்ற மாதிரி எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த 8 என்ற எண்தான் ஞாபகம் வரும்.

அடுத்தவர் செய்வதைப் பார்த்துச் செய்வது கெட்ட பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். பழக்கமில்லாத ஊரில் கல்யாணப் பந்தியில் உட்காருகிறீர்கள். சாப்பிட்டு முடித்ததும் இலையை எந்தப் பக்கம் மடிப்பது? பக்கத்து இலையை ஓரக்கண்ணால் பார்ப்பீர்கள். யாரையும் கேட்காமல், புத்தகம் படிக்காமல் வேலை முடிந்துவிட்டது. மூளைக்கு அது சிக்கனமான வழி. பெரும்பாலும் சரியான வழியும்கூட.

சிக்கல் என்னவென்றால், நாம் அப்படிப் பார்த்துச் செய்கிறோம் என்பது நமக்கே தெரிவதில்லை. கலிபோர்னியாவில் மக்களிடம் கேட்டார்கள்: நீங்கள் ஏன் மின்சாரத்தைச் சேமிக்கிறீர்கள்? சுற்றுச்சூழலுக்காக, சமுதாயத்துக்காக, பணத்துக்காக என்றார்கள். அண்டை வீட்டார் சேமிப்பதைப் பார்த்து என்பதைக் கடைசியில் தள்ளினார்கள். ஆனால் வெவ்வேறு செய்திகளை வீட்டுக் கதவில் மாட்டிவிட்டு மீட்டரைப் படித்தபோது, அந்தக் கடைசிக் காரணம்தான் முதலிடத்தில் இருந்தது. மக்கள் பொய் சொல்லவில்லை. தங்கள் மனம் எப்படி வேலை செய்கிறது என்று அவர்களுக்கே தெரியவில்லை. நடத்தை அறிவியலாளர்கள் கேள்வித்தாளை மட்டும் நம்பாமல் மீட்டரையும் படிப்பது இதனால்தான்.

அதே கலிபோர்னியாவில் சான் மார்க்கோஸ் என்ற ஊரில் சுமார் 290 வீடுகளில் நடந்த இன்னொரு ஆய்வு 2007இல் வெளியானது. ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஓர் அட்டை: நீங்கள் இவ்வளவு மின்சாரம் செலவழித்தீர்கள், உங்கள் பகுதியின் சராசரி இவ்வளவு. அதிகம் செலவழித்தவர்கள் குறைத்துக்கொண்டார்கள். நல்லது. ஆனால் ஏற்கெனவே குறைவாகச் செலவழித்தவர்கள்? 'அட, நாம்தான் தேவையில்லாமல் சிக்கனம் பிடிக்கிறோமா' என்று அவர்கள் செலவைக் கூட்டிவிட்டார்கள்! சராசரி ஒரு காந்தம். மேலே இருப்பவரையும் இழுக்கும், கீழே இருப்பவரையும் இழுக்கும்.

ஆய்வாளர்கள் கண்டுபிடித்த மருந்து வேடிக்கையானது. குறைவாகச் செலவழித்தவர்களின் அட்டையில் சராசரியோடு ஒரு சிரித்த முகத்தையும் வரைந்தார்கள். வட்டம், இரண்டு புள்ளி, ஒரு வளைகோடு, அவ்வளவுதான். அவர்கள் பழைய சிக்கனத்திலேயே நின்றுகொண்டார்கள். மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்ற செய்தியோடு, நீ செய்வதை நாங்கள் மெச்சுகிறோம் என்ற செய்தியும் சேர்ந்ததும் காந்தம் வேலை செய்யவில்லை. பிற்பாடு இதே யோசனையை அமெரிக்காவில் 6 லட்சம் வீடுகளுக்கு அனுப்பிய அறிக்கைகளில் பயன்படுத்தினார்கள். மின்செலவு சராசரியாக 2 சதவீதம் குறைந்தது. இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். ஒரு காகிதத்துக்கு அது பெரிய விஷயம்.

வாய் திறக்காத பலகைகளும் உண்டு. நெதர்லாந்தில் குரோனிங்கன் என்ற சைக்கிள் நகரம். ஆய்வாளர்கள் ஓர் அஞ்சல் பெட்டியில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஓர் உறையைச் செருகினார்கள். உள்ளே 5 யூரோ நோட்டு இருப்பது வெளியிலிருந்தே தெரியும். பெட்டியும் சுற்றுப்புறமும் சுத்தமாக இருந்தபோது, கடந்து போனவர்களில் 100க்கு 13 பேர் அதை எடுத்துக்கொண்டார்கள். பெட்டிமேல் கன்னாபின்னாவென்று கிறுக்கியிருந்தபோது 27 பேர். சுற்றிலும் குப்பை கிடந்தபோது 25 பேர். பணம் அதே பணம், தெரு அதே தெரு. கிறுக்கலும் குப்பையும் 'இங்கே யாரும் ஒழுங்கைப் பொருட்படுத்துவதில்லை' என்று சத்தமில்லாமல் அறிவித்தன.

ஒன்றுமே செய்யாமல் சும்மா இருப்பதும் ஒரு செய்திதான். நியூயார்க் நகரில் பிப் லடானே, ஜான் டார்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1968இல் வெளியிட்ட சோதனையைக் கேளுங்கள். கல்லூரி மாணவர் ஒருவர் அறையில் உட்கார்ந்து ஒரு படிவத்தை நிரப்புகிறார். சுவரில் உள்ள துவாரம் வழியாகப் புகை வருகிறது. தனியாக இருந்தவர்களில் 4 பேருக்கு 3 பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். அடுத்து, அதே அறையில் கூட இரண்டு பேரை உட்காரவைத்தார்கள். இவர்கள் ஆய்வாளரின் ஆட்கள். புகையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தோளைக் குலுக்கிக்கொண்டு, மறுபடி எழுத ஆரம்பித்துவிட வேண்டும் என்பது அவர்களுக்குக் கட்டளை. இப்படிச் சோதிக்கப்பட்ட 10 பேரில் எத்தனை பேர் போய்ச் சொன்னார்கள் தெரியுமா? ஒரே ஒருவர். மற்ற 9 பேரும் இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், புகையைக் கையால் விலக்கிக்கொண்டு எழுதினார்கள்! நம் தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்து நாலு நாள் தண்ணீர் ஓடும்போது 40 வீட்டுக்காரர்களும் அந்த அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி, ஓட்டுக்கு வருவோம். உங்களுக்கு இன்னும் அதற்கான வயது வரவில்லை, ஆனால் இந்தச் சோதனை எப்படி அமைக்கப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்வது முக்கியம்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2006 ஆகஸ்டில் ஒரு சிறிய தேர்தல். ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன், கிறிஸ்டோபர் லாரிமர் என்ற மூன்று அரசியல் அறிவியலாளர்கள் சுமார் 1,80,000 வீடுகளை எடுத்துக்கொண்டார்கள். எந்த வீட்டுக்கு எந்தக் கடிதம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். இதுதான் முக்கியம். ஆர்வமுள்ளவர்களுக்கு மட்டும் கடிதம் போட்டுவிட்டு, 'பார், கடிதம் கிடைத்தவர்கள் அதிகம் ஓட்டுப் போட்டார்கள்' என்று சொன்னால் அது ஏமாற்று வேலை. அவர்கள் கடிதம் இல்லாமலே போட்டிருப்பார்கள். குலுக்கிப் போட்டால் எல்லாக் குழுவிலும் எல்லா வகை ஆட்களும் ஏறக்குறைய ஒரே அளவில் விழுவார்கள். பிறகு வரும் வித்தியாசம் கடிதத்தால் வந்தது என்று நம்பலாம்.

ஒரு குழுவுக்குக் கடிதமே இல்லை. அவர்களில் 29.7 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். அடுத்த குழுவுக்கு 'ஓட்டுப் போடுவது உங்கள் கடமை' என்று கடிதம்: 31.5. மூன்றாவது குழுவுக்கு, 'நீங்கள் போடுகிறீர்களா என்று ஆய்வுக்காகக் கவனிக்கிறோம்' என்று சேர்த்து எழுதினார்கள்: 32.2. நான்காவது குழுவுக்கு அவர்கள் வீட்டில் யார் முந்தைய தேர்தலில் ஓட்டுப் போட்டார், யார் போடவில்லை என்ற பட்டியல் போனது: 34.5. ஐந்தாவது குழுவுக்கு அக்கம்பக்கத்தார் பெயர்களும் சேர்ந்த பட்டியல். தேர்தல் முடிந்ததும் புதுப் பட்டியல் அனுப்புவோம் என்ற குறிப்பு வேறு. 37.8!

யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பது அங்கேயும் ரகசியம்தான். போட்டாரா இல்லையா என்பது மட்டும் பொதுப் பதிவு. போட்டவர் யார் என்று ஊருக்குக் காட்டும் வேலையை நம் நாட்டில் கொஞ்சம் செல்லமாகச் செய்வது இடது ஆள்காட்டி விரலில் வைக்கும் மை. ஒருவர் இரண்டு முறை போடக்கூடாது என்பதற்காக வந்தது அது. 1962 பொதுத் தேர்தலிலிருந்து மைசூரில் தயாராகிறது. அதில் இருக்கும் வெள்ளி நைட்ரேட் தோலில் பட்டு, வெளிச்சத்தில் கறுத்துவிடும். ஆனால் தேர்தல் நாளன்று அக்கா, மாமா, பெரியப்பா எல்லாரும் விரலை நீட்டிப் படம் எடுத்து அனுப்புகிறார்களே, அதைப் பார்த்து 'நாமும் போய்விட்டு வந்துவிடுவோம்' என்று கிளம்புகிறவர்கள் இருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

எண்ணை மட்டும் பார்த்தால் ஐந்தாவது கடிதம் வெற்றி. எனக்கு அது பிடிக்கவில்லை. உங்கள் வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாதவர்கள் பெயரை வாசலில் ஒட்டினால் அடுத்த நாள் நிறையப் பேர் எழுதிக்கொண்டு வருவார்கள். ஒரு பையன் பள்ளிக்கே வராமலும் போகலாம். வேலை செய்கிற வழி எல்லாம் சரியான வழி ஆகிவிடாது. பிற்பாடு வேறொரு அமெரிக்க ஆய்வாளர், போன முறை ஓட்டுப் போட்டவர்களுக்கு நன்றி சொல்லி மட்டும் கடிதம் அனுப்பிப் பார்த்தார். அதுவும் ஓட்டைக் கூட்டியது. அக்கம்பக்கப் பட்டியல் அளவுக்கு இல்லை, ஆனால் யாருடைய மானமும் போகவில்லை.

இதையெல்லாம் ஒரு பெரிய நகரத்தில் செய்து பார்த்த மேயர் ஒருவர் இருக்கிறார். தென் அமெரிக்காவில் கொலம்பியாவின் தலைநகரம் பொகோட்டா. 1995இல் அங்கே மேயரானவர் அன்டனாஸ் மோக்கஸ். அரசியல்வாதி அல்ல, கணிதமும் தத்துவமும் படித்த பேராசிரியர். அப்போது பொகோட்டா சாலைகளில் சிவப்பு விளக்கை யாரும் மதிப்பதில்லை. அபராதம் போட்டுப் போட்டு அலுத்துப்போன ஊர். மோக்கஸ் என்ன செய்தார் தெரியுமா? முகத்தில் வெள்ளைச் சாயம் பூசிய மைம் கலைஞர்கள் 20 பேரைச் சாலையில் இறக்கினார். அவர்களிடம் லத்தி இல்லை, அபராதச் சீட்டு இல்லை, பேச்சும் இல்லை. யாராவது தப்பான இடத்தில் சாலையைக் கடந்தால் பின்னாலேயே அவர் மாதிரி நடந்து காட்டுவார்கள். கோட்டைத் தாண்டி நிறுத்திய காரைப் பின்னுக்குத் தள்ளுவது போல நடிப்பார்கள். சுற்றி நிற்கும் கூட்டம் சிரிக்கும். ஓட்டுநர் அசடு வழிந்துகொண்டு வண்டியைப் பின்னால் எடுப்பார். மக்களுக்குப் பிடித்துப்போகவே மேலும் 400 பேருக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

இன்னொரு பக்கம், 3,50,000 அட்டைகள் அச்சிட்டு மக்களிடம் கொடுத்தார். ஒரு பக்கம் மேல்நோக்கிய கட்டைவிரல், மறுபக்கம் கீழ்நோக்கிய கட்டைவிரல். ஒருவர் வழிவிட்டால் மேல் விரல், குறுக்கே புகுந்தால் கீழ் விரல். சண்டை, திட்டு எதுவும் வேண்டாம், அட்டையைக் காட்டினால் போதும். சாலையில் பாதசாரிகள் இறந்த இடங்களில் 1,500 நட்சத்திரங்கள் வரையப்பட்டன. தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது மேயரே தொலைக்காட்சியில் குளித்துக் காட்டினார். சோப்புப் போடும்போது குழாயை மூடிவிட்டு, நீங்களும் இப்படிச் செய்யுங்கள் என்றார். இரண்டே மாதத்தில் நகரத்தின் தண்ணீர்ச் செலவு 14 சதவீதம் குறைந்தது. இன்னும் ஒரு கூத்து: விருப்பமிருந்தால் வரியில் 10 சதவீதம் கூடுதலாகக் கட்டுங்கள் என்று கேட்டார். 63,000 பேர் கட்டினார்கள்!

எனக்கு மிகவும் பிடித்தது டாக்சி விஷயம். டாக்சி ஓட்டுநர்கள் மோசம் என்று ஊரே புலம்பிக்கொண்டிருந்தது. மோக்கஸ் அந்தப் புலம்பலைப் பலகையில் எழுதி வைக்கவில்லை. நல்ல, நேர்மையான ஓட்டுநரைப் பார்த்தால் எனக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள் என்றார். 150 அழைப்புகள் வந்தன. அந்த ஓட்டுநர்களைக் கூப்பிட்டுப் பேசி, மற்றவர்களை எப்படித் திருத்தலாம் என்று அவர்களிடமே யோசனை கேட்டார். 'வரிக்குதிரை வீரர்கள்' என்று பட்டமும் கொடுத்தார். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட பாதசாரிக் கடவையை மதிப்பவர்கள் என்று பொருள். கல்மரக் காட்டுப் பலகையை அப்படியே தலைகீழாகப் புரட்டிப் போட்டிருக்கிறார். ஊரில் நல்லவர்களும் இருந்தார்கள், ஆனால் யார் கண்ணிலும் படாமல் இருந்தார்கள்.

அடுத்து வந்த ஆண்டுகளில் பொகோட்டாவில் சாலை விபத்துச் சாவுகள் பாதிக்குக் கீழே இறங்கின. உடனே 'மைம் கலைஞர்களால்தான்!' என்று சொல்லிவிடத் தோன்றும். பொறுங்கள். அங்கே குலுக்கல் நடக்கவில்லை. மிச்சிகன் மாதிரி, கடிதம் போகாத இன்னொரு பொகோட்டா ஒப்பிட்டுப் பார்க்க இல்லை. அதே ஆண்டுகளில் மதுக்கடைகளை இரவில் சீக்கிரம் மூடினார்கள், காவல்துறையில் மாற்றங்கள் வந்தன, வேறு மேயர்களும் வேலை செய்தார்கள். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்வது கடினம். பொகோட்டா ஒரு நல்ல கதை, மிச்சிகன் ஒரு நல்ல சோதனை. இரண்டும் ஒன்றல்ல.

சோதனையை நீங்களே செய்து பார்க்கலாம். மதிய உணவு இடைவேளையில் ஆளில்லாத வகுப்பறைகளில் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்குமே, அதை எடுத்துக்கொள்வோம். தலைமை ஆசிரியரிடம் முதலில் அனுமதி கேளுங்கள். ஒரு வாரம் பலகை எதுவும் வைக்காமல், தினமும் எந்தெந்த வகுப்பில் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து நாணயம் சுண்டி வகுப்புகளை இரண்டு குழுவாகப் பிரியுங்கள். ஒரு குழுவின் சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில் 'பல வகுப்புகள் மின்விசிறியை அணைக்காமல் போகின்றன' என்று ஒட்டுங்கள். மற்றதில் 'நேற்று இத்தனை வகுப்புகள் அணைத்துவிட்டுப் போயின' என்று ஒட்டுங்கள். நேற்றைய உண்மையான எண்ணைத்தான் எழுத வேண்டும். எண்ணைக் கூட்டி எழுதினால் அது விளம்பரம், அறிவியல் இல்லை.

எந்த வகுப்பையும் பெயர் சொல்லித் திட்ட வேண்டாம். எண்ணுகிறவர் வேறு ஆளாக இருக்கட்டும். எந்த வகுப்பில் எந்த வாசகம் என்பது அவருக்குத் தெரியக்கூடாது. சன்னல் வழியாக விசிறியை மட்டும் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். தெரிந்தால், தான் விரும்புகிற பக்கம் ஒன்றிரண்டு கூட்டிக் குறைத்துவிடும் மனசு. இரண்டு வாரம் போதும். மழை நாளையும் மின்தடை நாளையும் தனியாகக் குறித்து வையுங்கள். அட்டவணையை அப்படியே நம் இதழுக்கு அனுப்புங்கள். சியால்டினி சொன்னதற்கு நேர்மாறாக வந்திருந்தால் முதலில் அனுப்புங்கள்.